நத்தம், மந்து, யூர்த்: மலைமேல் ஒரு ராத்திரி தங்குவதன் வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து சாவகாசமாகப் படியுங்கள்.

நம்ம ஊர் பெயரிலேயே ஒரு வருவாய்த் துறைச் சொல் ஒளிந்திருக்கிறது. குருவிநத்தம் என்பதில் குருவி எல்லோருக்கும் தெரியும். நத்தம் என்றால்? மக்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் இடம். கிராமக் கணக்கில் நஞ்சை தனி, புஞ்சை தனி, மாடு மேய்க்க மேய்க்கால் புறம்போக்கு தனி, குடியிருக்க நத்தம் தனி. வீடு ஒரு பக்கம், மேய்ச்சல் ஒரு பக்கம் என்று கோடு கிழித்து வாழ்ந்தவர்கள் நாம். பெண்ணையாற்று மண்ணில் நெல்லும் கரும்பும் போடுகிறவனுக்கு இது சரிப்பட்டு வரும்.

ஆனால் உலகத்தில் எல்லோரும் அப்படி வாழவில்லை. மேய்ச்சல் எங்கேயோ அங்கேதான் வீடு என்று வாழ்ந்தவர்கள் உண்டு. அவர்களுடைய வீட்டைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் சில வாரங்களுக்கு முன் சில படங்களை அனுப்பியிருந்தான். மலைச்சரிவில் வட்டமாக ஒரு வெள்ளைக் கூடாரம். உள்ளே கட்டில், கம்பளி, நடுவில் இரும்பு அடுப்பு. "சார், இதுக்குப் பேரு யர்ட். ஒரு நைட் தங்கினோம், சூப்பரா இருந்துது. இது எந்த ஊரு கண்டுபிடிப்பு சார்?" என்று கேட்டிருந்தான். நாலு வரியில் பதில் போட்டு முடிக்கிற கேள்வி இல்லை இது.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

யூர்த் என்பது துருக்கிய மொழிக் குடும்பத்துச் சொல். இன்று உலகம் முழுக்க அதைக் கூடாரத்தின் பெயராகச் சொல்கிறார்கள். அந்த மொழிகளில் அதற்குக் குடியிருக்கும் இடம், சொந்த மண், தாயகம் என்றுதான் பொருள். இன்றைய துருக்கியிலும் தாய்நாட்டைக் குறிக்க இந்தச் சொல் உண்டு. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன பிறகு புல்தரையில் வட்டமாக ஒரு தடம் மிஞ்சுமே, அதையும் இந்தச் சொல்லால் குறிப்பார்களாம். கூடாரத்துக்கு மங்கோலியர்கள் வைத்த பெயர் கெர். கசாக் மக்கள் சொல்வதைத் தமிழில் சொன்னால் கம்பளி வீடு.

ஆக, யூர்த் என்பது நம்ம நத்தம் மாதிரி ஒரு சொல். இடத்தின் பெயர். அது பொருளின் பெயராக மாறிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எப்படி நிற்கிறது அந்த வீடு?

மெல்லிய மரக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தோல்வாரால் முடிந்து தட்டி மாதிரி செய்கிறார்கள். நம்ம ஊர் கடைகளில் இழுத்தால் விரிந்து தள்ளினால் மடங்கும் இரும்புக் கதவு இருக்கிறதே, அதே தத்துவம்தான். அதை வட்டமாக விரித்து நிறுத்தினால் சுவர். உச்சியில் மாட்டுவண்டிச் சக்கரம் போல ஒரு மர வளையம். சுவரிலிருந்து அந்த வளையத்துக்குக் கழிகள். இவற்றின்மேல் ஆட்டு ரோமத்தை அடித்து, நனைத்து, உருட்டி இறுக்கிய கனத்த கம்பளி. சுற்றிலும் கயிறு. ஆணி கிடையாது, அஸ்திவாரம் கிடையாது. பழகிய குடும்பம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிடும். உச்சி வளையம் வழியாகப் புகை வெளியே போகும், வெளிச்சம் உள்ளே வரும்.

வட்டத்துக்கு மூலை கிடையாது. எந்தத் திசைக் காற்றும் மோதி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரே சுற்றளவில் சதுரம் ஒன்று, வட்டம் ஒன்று போட்டுப் பாருங்கள், வட்டத்துக்குள்தான் இடம் அதிகம். எட்டாம் வகுப்புக் கணக்கு. குறைந்த கம்பளியில் அதிக இடம், குறைந்த விறகில் அதிகச் சூடு. படிக்காத மேய்ப்பர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் போட்ட கணக்கு இது.

1253இல் மங்கோலியப் பேரரசுக்குப் பயணம் போன ரூப்ரக் ஊர் வில்லியம் என்ற கிறித்தவத் துறவி, வண்டிமேல் ஏற்றிய ஒரு வீட்டை 22 மாடுகள் இழுத்துப் போனதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். கிர்கிஸ்தான் நாட்டின் கொடியைப் பாருங்கள். நடுவில் இருக்கும் சூரியனுக்குள் குறுக்குக் கோடுகள் போட்ட ஒரு வட்டம் இருக்கும். படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் தெரியும் அந்த உச்சி வளையம்தான் அது. யுனெஸ்கோ அமைப்பு 2013இல் மங்கோலியாவின் கெர் கட்டும் கலையையும், 2014இல் கசாக், கிர்கிஸ் மக்களின் கலையையும் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது.

அமெரிக்காவுக்கு இந்த வீடு போன கதையில் ஓர் ஆசிரியர் இருக்கிறார், அதனால் எனக்குக் கொஞ்சம் பெருமை. வில்லியம் கோப்பர்த்வைட் என்பவர். 1962இல் மங்கோலியாவைப் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் பார்த்தார். மரப்பலகையால் யூர்த் கட்டும் முறையை உருவாக்கி, பல இடங்களில் மாணவர்களைக் கொண்டே கட்டவைத்தார். தன் கையால் தன் வீட்டைக் கட்டத் தெரிந்தவன் யாருக்கும் அடிமையாக மாட்டான் என்ற எண்ணத்தில் வாழ்ந்தவர். மெய்ன் மாநிலத்துக் காட்டில் தானே கட்டிய வீட்டில் மின்சாரம் இல்லாமல் வாழ்ந்து 2013இல் மறைந்தார். இன்று மலைக்காடுகளில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் வட்டக் கூடாரங்களுக்கு அந்த வேர் உண்டு.

நம்ம மலையில் என்ன இருந்தது?

இப்போது நம்ம பக்கம் வருவோம். நீலகிரியின் உச்சிப் புல்வெளியில் எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்களின் வீட்டை நீங்கள் ஊட்டி சுற்றுலாவில் பார்த்திருக்கலாம். பீப்பாயை நெடுக்காகப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போல இருக்கும். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, மேலே மலைப்புல் வேய்ந்து, கூரையைத் தரை வரை இறக்கியிருப்பார்கள். ஏறத்தாழ 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். முன்னாலும் பின்னாலும் அடைப்புச் சுவர். வாசல் சுமார் மூன்றடிதான். மண்டியிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். சன்னல் இல்லை. உள்ளே ஒரு பக்கம் படுக்க மண் திண்ணை, இன்னொரு பக்கம் அடுப்பு.

பல வருடங்களுக்கு முன் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது, ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் மந்தில் ஒரு பையன் கேட்டான்: "சார், இவ்ளோ சின்ன வாசல்ல எப்படி சார் சோபா உள்ள போவும்?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி. சோபா போகாது. காட்டு விலங்கும் போகாது. தென்மேற்குப் பருவக்காற்றும் போகாது. எது உள்ளே வர வேண்டும், எது வரக்கூடாது என்று தீர்மானித்துத்தான் ஒவ்வொரு சமூகமும் வாசல் வைக்கிறது.

தோடர்களின் குடியிருப்புக்குப் பெயர் மந்து. நம்ம மந்தை, மன்று என்ற சொற்களோடு காதில் ஒட்டுகிறது, இல்லையா? ஒற்றைக்கல் மந்து என்பதுதான் உதகமண்டலம் ஆயிற்று என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். மந்து என்றால் நாலு வீடு மட்டும் இல்லை. எருமைத் தொழுவம், பால் சடங்குகள் நடக்கும் கோயில், சுற்றியுள்ள மேய்ச்சல் எல்லாம் சேர்ந்தது. கோடையில் புல் காய்ந்தால் ஒரு மந்தை விட்டு ஈரமான பக்கத்து மந்துக்கு எருமைகளோடு போவார்கள். மழை வந்ததும் திரும்புவார்கள். நாம் தனித்தனியாகப் பிரித்த நத்தமும் மேய்க்காலும் அங்கே ஒன்றாகவே இருந்தன. யூர்த் என்ற சொல்லுக்கு நெருங்கிய உறவு இந்த மந்து என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுச்சேரியிலிருந்து போன ஒருவர்

நீலகிரி வரலாற்றில் நம்ம புதுச்சேரிக்கும் ஓர் இடம் உண்டு. இது பலருக்குத் தெரியாது.

1603இலேயே ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் கேரளக் கரையிலிருந்து ஏறிப்போய்த் தோடர்களைப் பார்த்து எழுதினார். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் வெளியுலகம் அந்த மலையை அதிகம் கண்டுகொள்ளவில்லை. 1812இல் வில்லியம் கீஸ் என்ற நில அளவையாளர் போனார். 1818இல் கோயம்புத்தூர் கலெக்டரின் உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் போய் வந்து, மேலே குளிர்ந்த புல்வெளி இருக்கிறது என்றார்கள். 1819 தொடக்கத்தில் கலெக்டர் ஜான் சல்லிவனே ஏறினார்.

அதே 1819இல் மலையேறிய இன்னொருவர் லெஷனோல்ட் த லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். 1816இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். செடிகளும் விதைகளும் சேகரிக்க பிரெஞ்சு அரசு அந்தச் சமயத்தில் இங்கே அனுப்பிவைத்தவர் அவர். ஆஸ்திரேலியக் கடற்கரை, சாவகம் எல்லாம் சுற்றிய மனிதர். நீலகிரியில் காணப்படும் ஒரு மஞ்சள் பூப் புதருக்கு இன்றும் தாவரவியலில் அவர் பெயர்தான். வாட்டர்லூ போர் முடிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. ஐரோப்பாவில் சண்டை போட்ட இரண்டு தேசத்து ஆட்களும் நம்ம மலையில் ஒரே குளிரை அனுபவித்தார்கள்.

சல்லிவன் கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் முதலில் ஒரு பங்களா கட்டினார். பிறகு ஊட்டியில் தோடர்களிடம் நிலம் வாங்கினார். ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று குறிப்புகள் சொல்கின்றன. 1822இல் அங்கே கல்லால் வீடு கட்டத் தொடங்கினார். அதற்குப் பெயரே கல் பங்களா. அந்த இடம் இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

அந்தப் புல்வெளியில் அதுவரை நின்றவை எல்லாம் புல் வீடுகள். புல் வீட்டை வருடாவருடம் பார்த்துப் பார்த்து வேய வேண்டும். கவனிக்காமல் விட்டால் மண்ணுக்கே போய்விடும். கல் வீடு அப்படி இல்லை. "இனிமேல் நான் இங்கேதான் இருக்கப் போகிறேன்" என்று அது ஊருக்கு அறிவித்துக்கொண்டே நிற்கும். ஒரு வீட்டுக்குப் பின்னால் பல வீடுகள் வந்தன. ஏரி வெட்டப்பட்டது. தேவாலயம் வந்தது. 1848இல் தாவரவியல் பூங்கா வேலை தொடங்கியது. பிற்பாடு சென்னை மாகாண அரசே கோடையில் மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போக ஆரம்பித்தது. வேடிக்கையைப் பாருங்கள். கோடையில் மந்து மாறிய தோடர்களை நாடோடிகள் என்று எழுதியவர்கள், தாங்களும் கோடையில் இடம் மாறினார்கள். அதற்கு வைத்த பெயர் மட்டும் கோடைக்காலத் தலைநகரம்!

காலியாக இருந்த வீடு யாருடையது?

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. பருவத்துக்கு இடம் மாறுகிறவனின் வீடு வருடத்தில் சில மாதம் பூட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் வந்து பார்க்கிற அதிகாரிக்கு அது ஆளில்லாத நிலம். உழவு இல்லை, வேலி இல்லை, பட்டா இல்லை. அப்படியானால் சர்க்கார் நிலம்.

சல்லிவனைப் பற்றி ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். முதலில் நிலம் வாங்கியவர் அவர்தான், மற்றவர்கள் வருவதற்கு வழி திறந்தவரும் அவர்தான். ஆனால் இந்த மலையின் நிலத்துக்கு முழு உரிமையாளர்கள் தோடர்களே என்று அரசுக்குள்ளேயே விடாமல் வாதாடியவரும் அவர்தான். சென்னை கவர்னராக இருந்த லஷிங்டன் அதை ஏற்கவில்லை. சல்லிவனின் கட்சி கடைசிவரை எடுபடவில்லை. ஒரே மனிதர் ஒரு கதவைத் திறந்தும் விட்டார், அதே கதவில் நின்று தடுக்கவும் பார்த்தார். வரலாற்றில் நல்லவன், கெட்டவன் என்று இரண்டு கட்டம் போட்டு ஆட்களை அடைக்க முடியாது என்று வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு இவரும் ஓர் உதாரணம்.

நிலத்துக்குப் பிறகு புல். சோலைக்காட்டுக்கு இடையே கிடந்த புல்வெளி வீணாகக் கிடக்கிறது என்று எண்ணி அங்கே தைலமரமும் சீகை மரமும் நட்டார்கள். தேயிலை வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, மின்சாரத்துக்கு அணைகள் வந்தன. நம்ம புதுச்சேரி கடற்கரைப் பக்கம் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறதே, அங்கிருந்து பிரான்சுவா பிளாஸ்கோ என்பவர் தென்னிந்திய மலைகளின் காடுகளையும் புல்வெளிகளையும் ஆராய்ந்து 1971இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அந்தப் புல்வெளி காடு அழிந்து உண்டானதா, ஆதியிலிருந்தே அப்படித்தானா என்று அறிஞர்கள் வெகுகாலம் விவாதித்தார்கள். பழைய சதுப்பு மண்ணைத் தோண்டிச் சோதித்த பிறகு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகவே அங்கே புல் இருந்தது உறுதியாயிற்று. வீண் நிலம் என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை.

இப்போது தோடர் வீடு கட்டத் தகுந்த புல்லும் பிரம்பும் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இன்று சுமார் 2000 பேர்தான் தோடர்கள். அவர்களில் பெரும்பாலோர் சிமெண்டு வீட்டில்தான் இருக்கிறார்கள். கோயிலுக்கு மட்டும் விடாமல் புல் வேய்கிறார்கள். முத்தநாடு மந்தில் கூம்பு வடிவக் கோயில் இன்றும் நிற்கிறது. சுற்றுலாக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நானும் தங்கிப் பார்த்தேன்

சும்மா படித்ததை மட்டும் எழுதவில்லை. போன வருடம் என் மகள் வற்புறுத்தி, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தங்கும் விடுதிக்கு அழைத்துப் போனாள். அங்கேயும் வட்டக் கூடாரம். இரும்புக் குழாய்ச் சட்டம், பிளாஸ்டிக் பூசிய துணி, சிமெண்டு மேடை. உச்சியில் வளையம் இருந்தது, ஆனால் அதைத் தைத்து மூடியிருந்தார்கள். நடுராத்திரி மழை பிடித்துக்கொண்டது. துணிமேல் விழுந்த சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. வெளியே ஈரம், உள்ளே எங்கள் மூச்சு வேர்த்துச் சொட்டியது. என் மனைவி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நம்ம ஊட்டு கீத்துக் கொட்டா இதவிட கதகதப்பா இருக்குமே" என்றாள்.

அவள் சொன்னது வெறும் ஏக்கம் இல்லை. கம்பளியும் புல்லும் கீற்றும் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். மழைச் சத்தத்தை விழுங்கும். பிளாஸ்டிக் அதைச் செய்யாது. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டால் வீட்டின் அறிவு பாதிதான் வரும்.

காலையில் பனி விலகி மலை தெரிந்தபோது மனசு நிறைந்துதான் போயிற்று, மறுக்க மாட்டேன். அங்கே வேலை பார்த்த பையனிடம் "உன் வீடு எப்படிப்பா?" என்று கேட்டேன். "தகர ஷீட்டு சார்" என்றான்.

நம்ம ஊர்க் கூரைகள்

கூரை வீட்டைப் பற்றி உருகி எழுதுவது சுலபம். அதில் குடியிருந்து பார்த்தவர்களுக்குத்தான் மறுபக்கம் தெரியும். பாகூர் கொம்யூனில் கோடை வந்தால் ஏதாவது ஒரு தெருவில் கூரை பற்றி எரியும். அடுத்த வீட்டுக்குத் தாவும். பிள்ளைகளின் புத்தகம், ரேஷன் அட்டை, கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் எல்லாம் சாம்பலாகும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தபோது நம்ம பக்கத்துக் கீற்றுக் கூரைகள் என்ன ஆயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையும், சாத்தனூர் அணைத் தண்ணீரும் பெண்ணையாற்றில் சேர்ந்து வந்தபோது மெத்தை வீட்டு மாடிதான் பலருக்குப் புகலிடம்.

அதனால்தான் புதுச்சேரி அரசின் காமராஜர் பெயரிலான கல்வீடு கட்டும் திட்டத்துக்கு ஏழைகள் அவ்வளவு ஆசையோடு மனு போட்டார்கள். கல்வீடு! சல்லிவனுக்குக் கல் பங்களா எதற்கு வேண்டியிருந்ததோ அதற்கேதான் நம்ம கூலித் தொழிலாளிக்கும் வேண்டியிருந்தது. "நான் இங்கேதான் இருப்பேன், என்னை யாரும் கிளப்ப முடியாது" என்று சொல்ல. கையில் பட்டா, தலைக்கு மேல் தளம். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. தோடர் பெரியவர் சிமெண்டு வீடு கேட்டாலும் அப்படித்தான்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? வசதி உள்ளவன் ஒரு ராத்திரிக்குப் பல ஆயிரம் கொடுத்துக் கூடாரத்தில் படுக்கிறான். வசதி இல்லாதவன் கூடாரத்திலிருந்து வெளியே வரக் கடன் வாங்குகிறான். இருவரும் ஒரே வீட்டின் இரண்டு பக்கம் நிற்கிறார்கள். வித்தியாசம், ஒருவனுக்குத் திரும்பிப் போக வேறு வீடு இருக்கிறது.

ஆகவே என் மாணவனுக்கு என் பதில் இது. தம்பி, நீ தங்கியது மத்திய ஆசியப் புல்வெளி மேய்ப்பர்களின் கண்டுபிடிப்பு. தாராளமாகத் தங்கு, மலையை அனுபவி. ஆனால் யூர்த் என்றால் அவர்கள் மொழியில் கூடாரம் இல்லை, சொந்த மண் என்று தெரிந்துகொண்டு தங்கு. அடுத்த முறை மலைக்குப் போகும்போது, இந்தச் சரிவில் முன்னால் யார் மாடு மேய்த்தார்கள், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அங்கே இருக்கும் ஒருவரிடமாவது கேள். பதில் தெரிந்தவர்கள் எல்லா மலையிலும் இருக்கிறார்கள். கேட்கிறவர்கள்தான் குறைவு.

உங்கள் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். வாத்தியார் புத்தி போகாது! நம்ம பக்கத்தில் கூரை வேயும் வேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வளை, கைமரம், வரிச்சு, முகடு, இறவாணம் என்று ஒரு கூரைக்குள் எத்தனை சொற்கள்! கீற்றை எந்த மாதத்தில் முடைய வேண்டும், எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும், கருப்பஞ்சோகை எத்தனை வருடம் தாங்கும் என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. உங்கள் வீட்டுத் தாத்தாவிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ உட்கார்ந்து கேட்டு, போனில் பதிவு செய்து வையுங்கள். கல்வீட்டிலேயே உட்கார்ந்து கேட்கலாம், தப்பில்லை. வீடு மாறினாலும் சொல் நம்மிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர், குருவிநத்தம்